யாரும் பார்க்கலைன்னா தப்பில்லையா?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நடு இரவு. சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. சமிக்ஞை விளக்கு சிவப்பு. நீங்கள் நிற்பீர்களா, போவீர்களா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால், "இதுல யோசிக்க என்ன இருக்கு? போக வேண்டியதுதான்" என்று சொல்லியிருப்பேன். கேமரா இல்லை, போலீஸ் இல்லை, வீட்டுக்குச் சம்மன் வரப்போவதும் இல்லை. யாருக்கும் அடிபடாத தப்பு எப்படித் தப்பாகும்? விடுதி அறையில் இதை வைத்து விடிய விடிய வாதாடி ஜெயித்தும் இருக்கிறேன்.

அந்த வாதத்தில் நான் தோற்றது ஜெர்மனியில். என்னைத் தோற்கடித்தவன் ஓர் ஆறு வயது அமெரிக்கப் பையன். அவன் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை.

மேல்மாடத்து அறை

மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் மட்டும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் போனேன். அங்கே பொறியியல் வளாகம் ஃபைஹிங்கன் என்ற பகுதியில் இருக்கிறது. மாணவர் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. பக்கத்தில் ஒரு வீட்டின் மேல்மாடத்தில், கூரை சாய்ந்து தலையில் இடிக்கும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். எனக்குக் கீழே குடியிருந்தது ஓர் அமெரிக்கக் குடும்பம். ஒஹாயோ மாநிலத்துக்காரர்கள். அப்பா வாகனப் பொறியாளர், மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவர். அம்மா, பன்னிரண்டு வயது மகள், ஆறு வயது மகன். நான் போனபோது அவர்கள் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தரைத்தளத்தில் வீட்டுக்காரப் பாட்டி தனியாக இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர்.

அமெரிக்கர்கள் பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார்கள். எனக்கு வாய் வரவில்லை. 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்றே கூப்பிட்டேன். "நாங்க என்ன உனக்குச் சொந்தமா?" என்று சிரிப்பார்கள். பையனுக்கு மட்டும் என்னை 'அண்ணா' என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன். அவன் அதை என் பெயர் என்றே எடுத்துக்கொண்டான். ஜெர்மனியில் அன்னா என்பது பெண் பெயர். "எங்க வீட்டு மாடியில ஒரு அண்ணா இருக்காங்க, மீசை வெச்சிருக்காங்க" என்று அவன் பள்ளியில் சொல்ல, வகுப்பே சிரித்ததாம்.

முதல் வருஷம் அவர்கள் பட்ட பாட்டை இரவுச் சாப்பாட்டில் கதை கதையாய்ச் சொல்வார்கள். வாடகைக்கு எடுத்த வீட்டில் சமையலறை என்று ஓர் அறை இருந்தது. ஆனால் அதில் அடுப்பும் இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டியும் இல்லை. சுவரில் குழாய் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே பல வாடகை வீடுகள் இப்படித்தான். முன்பு குடியிருந்தவர் போகும்போது சமையலறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். புதிது வந்து சேரும்வரை ஐந்து வாரம் குளியலறையில் தட்டுக் கழுவியிருக்கிறார்கள்.

இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆண்ட்டி தன் பாட்டி கொடுத்த பழைய மின்கடிகாரத்தை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், ஜெர்மனியில் 230. அங்கிள் பொறியாளர் ஆயிற்றே, மின்மாற்றி வாங்கி மாட்டிவிட்டார். கடிகாரம் ஓடியது. ஆனால் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கியது. மின்மாற்றி வோல்ட்டைத்தான் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. அந்தப் பழைய கடிகாரம் மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடுகிற வகை. அமெரிக்காவில் வினாடிக்கு 60 துடிப்பு. ஜெர்மனியில், நம் ஊர் மாதிரியே, 50. அறுபது எண்ண வேண்டிய இடத்தில் ஐம்பதுதான் வருகிறது. கடிகாரத்தில் எந்தப் பழுதும் இல்லை, மின்சாரத்திலும் இல்லை. அங்கிள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "முதல் ஆறு மாசம் எங்க குடும்பமே அந்தக் கடிகாரம்தான்."

ஞாயிற்றுக்கிழமை துளைப்பான்

அங்கிளுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த பெரிய சண்டை விதிகளைப் பற்றியது. குடிவந்து இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அடையாள அட்டையிலேயே முகவரியைச் சுமந்துகொண்டு திரிகிற நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அவர் கொதித்துப் போனார். "நான் எங்க படுத்துத் தூங்குறேன்னு அரசாங்கத்துக்கு எதுக்குத் தெரியணும்?" வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதோ இல்லையோ, ஒளிபரப்புக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். குப்பையைப் பிரிக்க வேண்டும்: தாள் தனி, சமையல் கழிவு தனி, உறைகள் தனி, மிச்சம் தனி. கண்ணாடிப் போத்தலைத் தெருமுனைக் கொள்கலனில் நிறம் பார்த்துப் போட வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம் கேட்கும். மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் யார் கூட்டுவது என்பதற்கு முறை உண்டு. உங்கள் வாரம் வந்தால் கதவுப் பிடியில் ஒரு அட்டை தொங்கும். அந்த வட்டாரத்தில் இது தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம்.

வந்த புதிதில் ஒரு ஞாயிறன்று அலமாரி மாட்டச் சுவரில் துளை போட்டிருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் பாட்டி கதவைத் தட்டினார். "இன்று ஞாயிறு" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அங்கிளுக்கு ரத்தம் கொதித்தது. "என் வீடு, என் சுவர், என் துளைப்பான்!" பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு அந்த நாட்டில் வெறும் பழக்கம் இல்லை, அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது என்று. 1919-இல் எழுதிய சட்டத்தின் 139-ஆம் பிரிவு ஞாயிற்றுக்கிழமையை உழைப்பிலிருந்து ஓயும் நாளாகப் பாதுகாக்கிறது. 1949-இல் புதுச் சட்டம் எழுதியபோது அந்தப் பிரிவை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் ஞாயிறன்று பேரங்காடிகூட மூடிக் கிடக்கிறது. நான் முதல் ஞாயிறு பட்டினி கிடக்காமல் தப்பித்தது ஆண்ட்டி கொடுத்த ரொட்டியால்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தக் குடும்பம் ஜெர்மனியிடம் முழுசாகத் தோற்றுப்போனது. அது பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போவது.

ஆண்ட்டி வளர்ந்த புறநகரில் எங்கே போகவும் கார்தான். பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. சின்னப் பிள்ளைகள் தனியாக நடந்தால் யாராவது போலீசுக்குப் போன் செய்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. இது கற்பனைப் பயம் இல்லை. மேரிலாந்து மாநிலத்தில் பத்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளைப் பூங்காவிலிருந்து தனியாக நடந்து வரவிட்ட பெற்றோர் மீது 2015-இல் விசாரணை நடந்து அமெரிக்காவே அதைப் பற்றிப் பேசியது. பிள்ளை தனியாகப் பள்ளிக்கு நடப்பது புறக்கணிப்பு ஆகாது என்று சொல்ல யூட்டா மாநிலம் 2018-இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் நேர்மாறு. முதல் வகுப்பிலேயே, "காரில் கொண்டுவந்து விடாதீர்கள், நடக்க விடுங்கள்" என்று பள்ளி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. போலீஸ்காரர்கள் வந்து எப்படிச் சாலையைக் கடப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் நாள் ஆளுயரக் காகிதக் கூம்பு நிறைய மிட்டாயோடு போன எங்கள் பையன், நவம்பரில் ஒருநாள், "நாளையிலிருந்து நானே போறேன்" என்று அறிவித்துவிட்டான். ஆண்ட்டி ஒரு வாரம் தூங்கவில்லை. முதல் நாள் மரத்துக்கு மரம் ஒளிந்து அவன் பின்னாலேயே போனதை எனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னார். அறுநூறு மீட்டர் தூரம், ஒரே ஒரு சமிக்ஞை விளக்கு. அந்த அறுநூறு மீட்டரில் அவன் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். மஞ்சள் நிற ஒளிரும் மேலாடை, முதுகை மறைக்கும் பள்ளிப்பை, நிமிர்ந்த நடை.

டிசம்பர் காலை

டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டில் சூரியன் எழ எட்டு மணி ஆகிவிடும். அன்று காலை ஏழரைகூட ஆகவில்லை, இருட்டு. எனக்கு ஆய்வுக்கூட வகுப்பு. இரண்டு முறை தாமதமாய்ப் போய் எச்சரிக்கை வாங்கியிருந்தேன். ரயில் வரும் சத்தம் தூரத்தில் கேட்டது. விளக்கு சிவப்பு. இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஓடிக் கடந்துவிட்டேன்.

பின்னால் டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். வளைவில் திரும்பி வந்த ஒரு கார் நடுச்சாலையில் நின்றிருந்தது. அதன் முன்விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் மேலாடை. பையன் தரையில் உட்கார்ந்திருந்தான். காருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. அவன் எனக்குப் பின்னால் நடைபாதையில் நின்றிருக்கிறான். நான் கவனிக்கவில்லை. நான் கடந்ததைப் பார்த்திருக்கிறான். அண்ணா போகிறார், அப்போ போகலாம்.

அடி எதுவும் இல்லை, முழங்காலில் சிராய்ப்பு மட்டும். காரிலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். அவருக்குக் கை நடுங்கியது. பையனைத் தூக்கி நிறுத்தி, தூசியைத் தட்டிவிட்டார். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார். என் அரைகுறை ஜெர்மனுக்குப் புரிந்தது ஒன்றுதான்: குழந்தை உன்னைப் பார்க்கிறது, குழந்தை உன்னைப் பார்க்கிறது.

ரயில் வந்து நின்றது, போனது. நான் ஏறவில்லை. அவனைப் பள்ளி வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்து, "அண்ணா, அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா என்னைத் தனியா விட மாட்டாங்க" என்றான்.

நண்பர்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சொன்னால், நான் செய்த தப்புக்கு அவன் சுதந்திரம் போகும். சொல்லாவிட்டால், மகன் பத்திரமாக நடக்கிறான் என்று நம்பும் ஒரு தாயை நான் ஏமாற்றுகிறேன். நான் சொல்லாமல் இருந்தது அவனுக்காகத்தான் என்று எனக்கு நானே இரண்டு நாள் சொல்லிக்கொண்டேன். பாதி பொய். எனக்கு முகம் காட்டப் பயம். பையனின் கெஞ்சல் எனக்கு வசதியாய்ப் போயிற்று. மூன்றாம் நாள் இரவு ஆண்ட்டி எனக்குச் சூப் கொண்டுவந்து கொடுத்தபோது, அந்தக் கிண்ணத்தை வாங்க என்னால் முடியவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆண்ட்டி கத்தவில்லை. ரொம்ப நேரம் பேசவில்லை. அங்கிள்தான் பேசினார், அதுவும் நான் எதிர்பார்க்காத கோணத்தில். "தப்பு உன்னோடது மட்டும் இல்ல. இந்த ஊர்ல பிள்ளைங்களுக்கு விளக்கைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாங்க. நான் காரைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பேன். இந்த நாட்டுல எல்லாரும் சொன்னபடியே நடந்தாங்க, அது எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு உலகத்துக்கே தெரியும்."

"அவனுக்கு ஆறு வயசு" என்றார் ஆண்ட்டி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து ஒரு வாரம் நீ அவனோட நடந்து போ. கையைப் பிடிக்காத. பக்கத்துல நட. விளக்குகிட்ட நில்லு. அவ்வளவுதான்."

அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. ஐந்து காலை, அந்த விளக்கடியில், காலியான சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையனும் நின்றான். எட்டாம் நாள் அவன் மறுபடியும் தனியாகப் போனான்.

அந்த ஐந்து காலையில் யோசித்தது

ஜெர்மனியில் நடப்பவர் சிவப்பில் கடந்து பிடிபட்டால் அபராதம் ஐந்து யூரோ. ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை. பயம் மட்டும் காரணம் என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். நகர ரயிலிலும் அப்படித்தான், நம் ஊரில் போலத் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் நுழையலாம், எப்போதாவது பரிசோதகர் வருவார், சீட்டு இல்லாவிட்டால் 60 யூரோ. பொறியியல் மாணவனாக எனக்கு இது வினோதமாகப் பட்டது. ஓர் அமைப்பு தவறாமல் ஓட வேண்டுமென்றால் உணரி வைத்து, அளந்து, திருத்த வேண்டும் என்றுதான் நாங்கள் படிக்கிறோம். இங்கே உணரியைப் பெரும்பாலும் மனுஷனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் அது வேலை செய்வதில்லை. சீட்டு இல்லாமல் போகிறவர்களை நானும் பார்த்தேன். ஆனால் வேலை செய்கிற அளவுக்குச் செய்கிறது.

ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் ஒரு சோதனையைச் சொன்னார். நீ செய்யப்போகும் காரியத்தின் விதியை எல்லாரும் பின்பற்றினால் ஏற்றுக்கொள்வாயா என்று உன்னையே கேட்டுப் பார் என்பது அதன் சாரம். விடுதி வாதங்களில் நான் இதையும் எனக்குச் சாதகமாக்கியிருக்கிறேன். "சாலை உண்மையிலேயே காலியாக இருந்தால் எல்லாரும் கடக்கலாம். யாருக்கு நஷ்டம்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று அந்த டிசம்பர் காலைதான் காட்டியது. 'சாலை காலி' என்று நான் சொன்னது சாலையைப் பற்றிய உண்மை இல்லை, என் கண்ணுக்கு எட்டியதைப் பற்றிய தகவல். வளைவுக்குப் பின்னால் கார் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் பிள்ளை இருந்தது. இரண்டையும் நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்துவிட்டதாக நம்பினேன். 'யாரும் பார்க்கலை' என்று நாம் சொல்லும்போதெல்லாம் உண்மையில் சொல்வது 'நான் யாரையும் பார்க்கலை' என்பதைத்தான்.

இன்னொன்றும் புரிந்தது. அமெரிக்காவில் ஆண்ட்டிக்குச் சுதந்திரம் அதிகம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முகவரி பதிய வேண்டாம், எந்த நாளும் சுவரில் துளை போடலாம். ஆனால் அங்கே அவருடைய ஆறு வயது மகனுக்கு அறுநூறு மீட்டர் தனியாக நடக்கும் சுதந்திரம் இருந்திருக்காது. இங்கே அது அவனுக்குக் கிடைத்தது. அதைக் கொடுத்தது அரசாங்கம் மட்டுமா? அந்தத் தெருவில் தினமும் காலை முகம் தெரியாத பெரியவர்கள் காலி சாலையிலும் நின்று நின்று கொடுத்தார்கள். நான் ஒருவன் ஒரே நிமிஷத்தில் அதைப் பறிக்கப் பார்த்தேன்.

பாட்டியின் துணி

அங்கிள் சொன்னது மட்டும் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எல்லாரும் சொன்னபடி நடந்த நாடுதானே இது? அது பொய்யில்லையே.

ஜனவரி 27. ஆஷ்விட்ஸ் முகாம் 1945-இல் விடுவிக்கப்பட்ட நாள்; ஜெர்மனி அதை நினைவுநாளாகக் கடைப்பிடிக்கிறது. அந்த வாரம் வாசல் கூட்டும் முறை எனக்கு. பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பாட்டி ஒரு முக்காலியும் துணியும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். அங்கே நடைபாதையில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு ஒன்று பதிந்திருந்தது. கூன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிவைத்த நினைவுக் கற்கள் அவை. நாஜிகளால் துரத்தப்பட்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்னால், பெயரும் ஆண்டும் பொறித்துப் பதிக்கிறார்கள். பல நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பாட்டி உட்கார்ந்து தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அங்கிளும் மகளும் அப்போதுதான் வெளியே வந்தார்கள்.

பாட்டி அங்கிளிடம் ஏதோ சொன்னார். அங்கிளுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தக் குடும்பத்தில் நன்றாக ஜெர்மன் பேசுவது மகள்தான்; வங்கிக்குப் போனாலும் மருத்துவரிடம் போனாலும் அவள்தான் மொழிபெயர்ப்பாள். அன்றும் அவளே சொன்னாள், கொஞ்சம் தயங்கித் தயங்கி.

பாட்டியின் அப்பா ரயில்வேயில் எழுத்தர். 1941 டிசம்பர் 1-ஆம் தேதி சுமார் ஆயிரம் யூதர்களை ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரீகா நகரத்துக்கு ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்த மாதிரி ரயில்களுக்கும் யாரோ கால அட்டவணை எழுத வேண்டும், யாரோ முத்திரை குத்த வேண்டும். "அப்பா என்ன கையெழுத்துப் போட்டார்னு நான் கேட்கவே இல்ல. அவர் வாழ்க்கையில ஒரு விதியைக்கூட மீறினதில்லைன்னு அம்மா பெருமையா சொல்லுவாங்க. பெரியவளான பிறகு அந்தப் பெருமைதான் எனக்கு வெட்கமா மாறிடுச்சு."

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கிள் மெதுவாகக் கேட்டார்: அப்படியென்றால், ஞாயிற்றுக்கிழமை நான் துளை போட்டதற்கு ஏன் கதவைத் தட்டினீர்கள்?

பாட்டி சிரித்தார். அன்றைக்கு மேல்மாடத்தில், இப்போது நான் இருக்கும் அறையில், இரவு வேலை முடித்து வந்த ஒரு தாதி தூங்கிக்கொண்டிருந்தாராம்.

பாட்டி பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. விதியை மதிப்பதா மீறுவதா என்று மொத்தமாகக் கேட்பதே சரியான கேள்வி இல்லை. இந்த விதி யாரைக் காக்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று கேட்க வேண்டும். சிவப்பு விளக்கு, தெருவிலேயே சின்ன ஆளைக் காக்கிறது. 1941-இன் உத்தரவு, தெருவிலேயே பலமில்லாதவரைத் தேடிப் பிடித்து ரயில் ஏற்றியது. இரண்டுக்கும் பெயர் 'விதி'தான். முதலாவதற்குக் கீழ்ப்படியாதது என் தப்பு. இரண்டாவதற்குக் கீழ்ப்படிந்தது அந்த எழுத்தரின் தப்பு.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யாரைக் காக்கிறது என்று தீர்மானிப்பது யார்? அந்தக் காலையில் நானும் 'இந்த நேரத்தில் இந்த விளக்கு யாரையும் காக்கவில்லை' என்று தீர்மானித்துத்தானே ஓடினேன்? அதற்கு என்னிடம் இருப்பது முழுப் பதில் இல்லை, ஒரு கணக்கு. நான் தேவையில்லாமல் நின்றால் எனக்கு நஷ்டம் அரை நிமிஷம். நான் தவறாகக் கடந்தால் நஷ்டம் வேறொருவருக்கு, அதுவும் திருப்பிக் கொடுக்க முடியாத நஷ்டம். மீறுவதில் லாபம் எனக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் என்றால், என் தீர்ப்பை நானே சந்தேகப்பட வேண்டும். ஆபத்து எனக்கும் பாதுகாப்பு இன்னொருவருக்கும் என்றால், அப்போது மீறுகிறவனை நான் மதிப்பேன். அந்த 1941-இல் அப்படி யாராவது ஒருவர் முத்திரை குத்த மறுத்திருந்தால், அவரை.

அங்கிள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் வந்தால் இன்னும் முணுமுணுப்பார். ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமை மாலையே துளைப்பானை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். பையனுக்கு அவர் இரண்டையும் கற்றுக்கொடுத்தார்: விளக்கையும் பார், காரையும் பார். யோசித்தால், அதுவும் சரிதான்.

திரும்பி வந்த பிறகு

பருவம் முடிந்து வந்து சில மாதம் ஆகிறது. போன வாரம் நடு இரவு தாண்டி மாமாக் கடையில் சாப்பிட்டுவிட்டு மோட்டாரில் திரும்பினேன். பின்னால் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன். முச்சந்தியில் சிவப்பு. சாலையில் ஈ காக்கா இல்லை. நான் நிறுத்தினேன்.

உடனே எல்லாரும் அப்படி நிற்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இரவில் தனியாக வேலை முடிந்து வரும் ஓர் அக்கா, வழிப்பறிக்குப் பயந்து இருட்டுச் சந்தியில் நிற்காமல் போனால், அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அவருடைய பயத்துக்குக் காரணம் வேறு. எனக்கு அந்தப் பயமும் இல்லை, அவசரமும் இல்லை.

"யாருமே இல்லலா, போங்க" என்றான் தம்பி.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் தலைக்கவசத்தின் வாரைக்கூட மாட்டாமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய சொந்த மோட்டார் அடுத்த மாதம் வருகிறது. எப்படி ஓட்டுவது என்று அவன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறான்?

"வாரை மாட்டு" என்றேன்.

"சரிண்ணே" என்றான்.

விளக்கு பச்சையாக இன்னும் இருபது வினாடி இருந்தது. நின்றோம்.